ஒரே ஒரு கோப்பு என்றாலும் அறிவிக்க வேண்டும்: ஒன்ராறியோவின் தமிழ் மருத்துவ நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன் பகுதிகளில் மருத்துவ நிலையங்களையும் பல் வைத்திய நிலையங்களையும் மருந்தகங்களையும் நடத்திவரும் தமிழ் உரிமையாளர்களுக்கும் அவற்றின் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

ரொறன்ரோ பெரும்பாகத்து வைத்தியசாலை ஒன்றின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலைசெய்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தரணி அல்லன். ஆனால் ஒன்ராறியோவின் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2004 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபோது அதற்கான பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்தவன். பின்னர் வந்த திருத்தங்களுக்கெல்லாம் எங்கள் பிரிவின் படிவங்களை மாற்றி எழுதியவன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் ஒரே ஒரு விடயத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்: நோயாளியின் அந்தரங்கம் மீறப்பட்டால் அதை ஒன்ராறியோவின் தகவல் மற்றும் அந்தரங்க உரிமை ஆணையாளருக்கு எப்போது அறிவிக்க வேண்டும் என்பது.

கடந்த மாரிகாலத்தில் எங்கள் உறவுக்குள் ஒரு பெண், குழந்தைப்பேற்றுச் சிகிச்சை குறித்துத் தம் குடும்ப வைத்தியரிடம் பேசி, சிறப்பு வைத்தியர் ஒருவருக்கான கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார். கணவரைத் தவிர வேறெவருக்கும் அதைச் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்து, கோயில் அன்னதான மண்டபத்தில், தூரத்து உறவான மாமி ஒருவர் அவருடைய கையைப் பிடித்து, "கவலைப்படாதேங்கோ பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்று ஆறுதல் சொன்னார். அந்த மாமியிடம் கெட்ட எண்ணம் ஏதும் இருக்கவில்லை என்றே நம்புகிறேன். செய்தி அவரிடம் வந்த வழியை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனபோது, அது மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் போய் நின்றது.

உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. கணினியில் யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற பதிவைப் பார்த்தார். அந்தக் கோப்போடு எந்த வேலையும் இல்லாத பணியாளர் ஒருவர் அதைத் திறந்திருந்ததைக் கண்டார். அவரை மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார். பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். ஆணையாளருக்கு அறிவித்தீர்களா என்று நான் கேட்டபோது, "ஒராளின்ரை கோப்புத்தானே அண்ணை, உள்ளுக்குள்ளயே கதைச்சுச் சரிக்கட்டியாச்சு" என்றார். இதே மனிதர்தான் இரண்டு வருடங்களுக்கு முன், இரத்தப் பரிசோதனை முடிவொன்று எண் மாறி வேறொரு மருந்தகத்தின் தொலைநகலுக்குப் போய்விட்டதென்று இரவு பத்து மணிக்கு என்னை அழைத்து, ஆணையாளருக்கு இப்போதே எழுத வேண்டுமா என்று பதறியவர்.

அவர் பதறிய இடத்தில் உடனே அறிவிக்கும் கடமை அவருக்கு இருக்கவில்லை. பதறாமல் இருந்த இடத்தில் இருந்தது. அவர் ஒருவர் மட்டும் இப்படித் தலைகீழாக விளங்கிக்கொண்டிருந்தால் நேரில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதன்பின் எனக்குத் தெரிந்த நிலைய மேலாளர்கள் பலரிடம் இதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் அவரைப் போலவே பதில் சொன்னார்கள். இம்மடலைப் பொதுவில் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நோயாளியின் தகவல் களவு போனாலோ, தொலைந்தாலோ, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டாலோ வெளியிடப்பட்டாலோ, அந்த நோயாளிக்கு இயன்ற முதல் சந்தர்ப்பத்திலேயே அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம் வந்த நாளிலிருந்தே இருந்துவரும் கடமை. ஆணையாளருக்கு அறிவிப்பது பல ஆண்டுகளாக உங்கள் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2017 ஒக்ரோபர் 1ஆம் திகதி முதல், குறிப்பிட்ட ஏழு சூழ்நிலைகளில் ஆணையாளருக்கு அறிவிப்பது கட்டாயமாயிற்று. அந்த ஏழில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். பல பொருந்த வேண்டும் என்றில்லை.

முதலாவது சூழ்நிலையே உங்களுக்கு மிக முக்கியமானது. தமக்கு அனுமதி இல்லையென்று தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியவராக இருந்தும், ஒருவர் நோயாளியின் தகவலைப் பயன்படுத்தினால் அல்லது வெளியிட்டால் அதை அறிவிக்க வேண்டும். கோப்பைத் திறந்து வாசிப்பதே பயன்படுத்துவதுதான். அதை இன்னொருவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. எத்தனை பேருடைய கோப்பு என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பைத் திறந்து பார்க்கும் தாதியைத்தான் ஆணையாளரின் வழிகாட்டிக் குறிப்பே உதாரணமாகக் காட்டுகிறது. அந்தத் தாதி ஒரு வார்த்தையும் வெளியே சொல்லாவிட்டாலும் அது அறிவிக்க வேண்டிய மீறலே.

இதற்கு மாறாக, கடிதம் உறை மாறிப் போவது, மின்னஞ்சல் தவறான முகவரிக்குப் போவது, தொலைநகல் எண்ணில் ஓர் இலக்கம் பிசகுவது போன்ற தற்செயல் பிழைகளை, ஏனைய ஆறு சூழ்நிலைகளில் ஒன்றும் சேர்ந்துகொள்ளாதவரை, உடனடியாக ஆணையாளருக்கு அறிவிக்கத் தேவையில்லை. நோயாளிக்குச் சொல்ல வேண்டும், ஆணையாளருக்கு ஆண்டுதோறும் அனுப்பும் மீறல் எண்ணிக்கையில் அதைச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. நியாயம் விளங்கக்கூடியதுதான். கை தவறுவது எந்த அலுவலகத்திலும் நடக்கும். நோயாளி உங்களை நம்பிக் கொடுத்த கதவைப் பணியாளர் ஒருவர் ஆவலினாலே திறப்பது வேறு வகையைச் சேர்ந்தது.

"சின்ன விடயம்" என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பங்கு செய்திகளிலிருந்து வந்திருக்கலாம். 2019இல் லைஃப்லாப்ஸ் ஆய்வுகூடத்தில் நடந்த ஊடுருவல் ஏறத்தாழ 1.5 கோடி வாடிக்கையாளரைப் பாதித்தது. நவம்பர் 1ஆம் திகதி ஆணையாளருக்கு அறிவிக்கப்பட்டது, பொதுமக்கள் அறிந்தது டிசம்பர் 17ஆம் திகதி. 2023இல் ஒன்ராறியோவின் பிரசவப் பதிவகமான போர்ன் நிறுவனத்திலிருந்து 34 இலட்சம் பேரின் தகவல்கள் களவு போயின. இவற்றைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்கு, ஆணையாளர் என்பவர் கோடிக் கணக்குகளுக்கு மட்டுமே உரியவர் என்று தோன்றுவது இயல்பு. இன்னொரு பங்கு, தனியார்துறை நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும். 2018 நவம்பர் முதல் அச்சட்டம், கணிசமான தீங்குக்கு மெய்யான அபாயம் இருந்தால் அறிவிக்கச் சொல்கிறது. காப்புறுதித் தரகர், வங்கி என்று அந்தப் பக்கம் வேலைசெய்த கணக்காளரோ ஆலோசகரோ உங்களுக்கும் அந்த அளவுகோலையே கொடுத்திருக்கலாம். ஒன்ராறியோவில் நோயாளிகளின் தகவலை வைத்திருக்கும் உங்களை ஆள்வது மாகாணச் சட்டம். அதன் முதலாவது சூழ்நிலையில் தீங்கை நிறுத்துப் பார்க்கும் தராசு கிடையாது. மீறலை 72 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கச் சொல்லும் ஐரோப்பியத் தகவல் பாதுகாப்பு விதியின் கணக்கும் இங்கே இல்லை. அதை இங்கே கொண்டுவந்து, 72 மணித்தியாலம் கடந்துவிட்டதால் இனி அறிவித்துப் பயனில்லை என்று விட்டவரையும் கண்டிருக்கிறேன்.

சிறிய மீறல்கள் ஏன் முதலாவதாக வைக்கப்பட்டன என்பதற்கு ஸ்காபரோவாசிகளாகிய எங்களுக்கு விளக்கம் தேவைப்படக் கூடாது. 2014இல், ஸ்காபரோவிலும் ஏஜக்சிலும் வைத்தியசாலைகளை நடத்திய ரூஜ் வலி நிறுவனத்தில், எழுதுவினைஞர் இருவர் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எடுத்து, பிள்ளைகளின் கல்விச் சேமிப்புத் திட்டம் விற்பவர்களுக்குக் கொடுத்தது வெளியே வந்தது. பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை 14,000ஐயும் தாண்டியதாகப் பின்னர் கணிக்கப்பட்டது. எங்கள் வீடுகளிலும் அந்த நாட்களில், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு ஆர்.ஈ.எஸ்.பி. எனப்படும் அந்தச் சேமிப்புத் திட்டத்தின் முகவர்களிடமிருந்து அழைப்புகள் வந்தன. "எங்கடை நம்பர் எப்படிக் கிடைச்சது" என்று கேட்டுவிட்டு மறந்துபோனோம். அந்த 14,000உம் ஒரே நாளில் போகவில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறக்கப்பட்டே போனது. ஆணையாளரின் கட்டளை, யார் எதைத் திறந்தார் என்பதைச் சரிவரத் தணிக்கை செய்யக்கூடிய ஏற்பாடு அங்கே இருக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. ஒரு கோப்பின்போதே யாராவது பார்த்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும்.

இன்னொரு வழக்கும் எங்களுக்குப் பொருத்தமானது. ஹியூரன் ஏரிக்கரையில் உள்ள சென்ட்ரல் ஹியூரன் என்ற சிறிய ஊர்ப்பகுதியில், குடும்ப வைத்தியக் குழுவொன்றில் பயிற்சிக்கு வந்த சமூகப்பணி மாணவி ஒருவர், தம் குடும்பத்தார், நண்பர், உள்ளூர் அரசியல்வாதிகள் என்று 139 பேரின் கோப்புகளைப் பார்த்திருந்தார். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 20,000 டொலர் தண்டமும் அதன்மேல் 5,000 டொலர் மேலதிகக் கட்டணமும் விதிக்கப்பட்டன. அவர் தகவலை விற்கவில்லை. ஊரில் உள்ளவர்களைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆவல்தான். முப்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் இருந்தாலும், எங்கள் மருத்துவ நிலையங்களின் வரவேற்பு மேசை அந்தச் சிறிய ஊரைப் போன்றதே. வருகிறவர் எந்த ஊர், யாருடைய மருமகள், எந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் என்பது மேசையில் இருப்பவருக்குப் பெயரைப் பார்த்த உடனே தெரிந்துவிடுகிறது. தமிழ் பேசும் வைத்தியரிடம் போவதன் வசதியும் அதுதான், பயமும் அதுதான். மகப்பேறு, மனநலம், சலரோகம், கலியாணத்துக்கு முந்திய ஒரு பரிசோதனை. இவற்றில் எதுவும் வெளியே போனால், 1.5 கோடிப் பேரோடு சேர்த்து ஊடுருவப்பட்ட ஒருவருக்கு நேராத இழப்பு, இந்த ஒருவருக்கு நேர்கிறது. அந்த ஊடுருவல்காரருக்கு இவரை யாரென்று தெரியாது. மாமிக்குத் தெரியும்.

ஏனைய சூழ்நிலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். களவு போன தகவல்: காகிதக் கோப்பு, மடிக்கணினி, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் எல்லாம் இதற்குள் அடங்கும், களவு போன கருவி முறையாகக் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அறிவிக்கத் தேவையில்லை. தீநிரல் பூட்டிவைத்தது, ஆனால் தகவலை எவரும் வெளியே எடுத்ததற்குச் சான்று இல்லை, ஆகவே அது மீறலே அல்ல என்ற வாதத்தை ரொறன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையே முன்வைத்துப் பார்த்தது. ஆணையாளர் ஏற்கவில்லை, பிரிவு நீதிமன்றமும் ஆணையாளரின் பக்கமே நின்றது. மீறல் நடந்தபின் அத்தகவல் மறுபடியும் தவறாகப் பயன்படும் நிலை, உதாரணமாகத் தவறான கைக்குப் போன தொலைநகலைத் திருப்பித் தந்தவர் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு அதை வெளியிடுவேன் என்று மிரட்டுவது, இன்னொன்று. மனநலம் போன்ற உணர்வுமிக்க தகவல், பெருமளவு தகவல், பலரைப் பாதிப்பது, பலர் சேர்ந்து பொறுப்பாவது என்பவற்றைப் பார்த்துப் பாரதூரமானது என்று தீர்மானிக்கப்படுவது வேறொன்று. அளவு என்ற கேள்வி வருவது பெரும்பாலும் அந்த ஓர் இடத்தில்தான்.

ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப நடப்பதும் தனியாக அறிவிக்க வேண்டியது. இதில் எங்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. தந்தையின் பெயர் கடைசிப் பெயராக நிற்கும் கோப்புகள், கடவுச்சீட்டில் ஒரு வரிசையும் சுகாதார அட்டையில் இன்னொரு வரிசையுமாக உள்ள பெயர்கள், ஒரே நிலையத்தில் நான்கு சிவகுமார்கள். முடிவுகள் ஆள் மாறிப் போவது எங்களிடையே அடிக்கடி நடக்கிறது. ஒருமுறை போனால் தற்செயல். இரண்டு மாதத்துக்குள் மூன்று முறை அதே விதமாகப் போனால், அது உங்கள் கணினியில் அல்லது வேலைமுறையில் உள்ள பழுது. ஆணையாளருக்கு எழுத வேண்டும். நாலு சிவகுமார்களில் யாரும் முறையிடவில்லை என்பது விடுபடுவதற்குக் காரணமாகாது.

மிஞ்சிய இரண்டு சூழ்நிலைகளும் தண்டனையோடு தொடர்புடையவை. தொழிலை ஒழுங்குபடுத்தும், 'கல்லூரி' எனப்படும் அமைப்பு ஒன்றின் உறுப்பினரான தாதியோ மருந்தாளரோ வைத்தியரோ தகவல் மீறலின் காரணமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டால், இடைநிறுத்தப்பட்டால், வேறெவ்வகையிலேனும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானால், 30 நாட்களுக்குள் அக்கல்லூரிக்கு எழுத வேண்டும். ஆணையாளருக்கும் அறிவிக்க வேண்டும். கல்லூரி எதிலும் உறுப்பினரல்லாத வரவேற்பாளர் மீது அதே நடவடிக்கை எடுக்கப்பட்டாலும் ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். இங்கேதான் மேலே சொன்ன உரிமையாளரின் நிலையைப் பாருங்கள். பணியாளர் கோப்பைத் திறந்ததால் முதலாவது கடமை தோன்றியது. அவரை மூன்று நாள் நிறுத்தியபோது, அந்தச் செயலினாலேயே இரண்டாவது கடமையும் தோன்றியது. உள்ளுக்குள் சரிக்கட்டியதற்கு அவர் சான்றாகக் காட்டிய அதே தண்டனை, வெளியே அறிவிக்க வேண்டிய காரணமாகிவிட்டது. பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்ன மன்னிப்பும் குறையுடையது: ஆணையாளரிடம் முறைப்பாடு செய்யும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

அறிவித்தால் என்ன நடக்கும் என்ற பயம் எனக்கு விளங்காததல்ல. சட்டத்தை வேண்டுமென்றே மீறிக் குற்றவாளியாகக் காணப்படும் தனிநபருக்கு 200,000 டொலர் வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும், நிறுவனத்துக்கு 10 இலட்சம் டொலர் வரை தண்டமும் 2020 முதல் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் நீதிமன்றம் போகாமலே தனிநபருக்கு 50,000, நிறுவனத்துக்கு 500,000 டொலர் வரை ஆணையாளரே நிர்வாகத் தண்டம் விதிக்கலாம். இந்தத் தொகைகளைச் சொல்லி உங்களை மிரட்டுவது என் நோக்கமல்ல. ஏனென்றால் நானறிந்தவரை, தாமாக அறிவித்தவர்களுக்கு இது நடந்ததில்லை. நானிருந்த பிரிவிலிருந்து போன அறிவித்தல்களுக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை: என்ன நடந்தது, எப்படி அடக்கினீர்கள், நோயாளிக்குச் சொன்னீர்களா, இனி நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், பதில் திருப்தியாக இருந்தால் கோப்பை மூடுவார்கள். 2025இல் விதிக்கப்பட்ட முதலாவது நிர்வாகத் தண்டம் யாருக்குப் போனது என்பதையும் பாருங்கள். வைத்தியசாலைப் பதிவேட்டில் புதிதாகப் பிறந்த ஆண் குழந்தைகளைத் தேடியெடுத்து, தம் சொந்த நிலையத்தில் விருத்தசேதனம் செய்துகொள்ளுமாறு பெற்றோரை அணுகிய வைத்தியருக்கு 5,000 டொலர், அவருடைய நிலையத்துக்கு 7,500 டொலர். தம் இலாபத்துக்காகக் கோப்புகளில் தேடியவர் அவர். பிழையைக் கண்டு எழுதியவர் அல்லர்.

பணியாளருக்கும் கடமை உண்டு. தம் கண்ணில் பட்ட மீறலை அவர் இயன்ற முதல் சந்தர்ப்பத்தில் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு ஆணையாளரிடம் போனவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். உங்கள் மேசைகளில் இருப்பவர்கள் பலர் உங்கள் சொந்தக்காரர், அல்லது உங்கள் சொந்தக்காரரின் சிபாரிசில் வந்தவர்கள். ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுத்ததாகப் பேச்சு வரும் என்ற கூச்சம் சட்டத்தை விடப் பலமானது என்பதை நான் அறிவேன். அதை உடைக்கக்கூடியவர் நீங்கள் ஒருவரே.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் கணினிக்குள் போகும் வழக்கத்தை இந்தக் கிழமையே நிறுத்துங்கள். யார் பார்த்தார் என்று தெரியாத இடத்தில் எதையும் அறிவிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மாதம் ஒரு முறையாவது, யார் எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற கணினிப் பதிவை நீங்களே எடுத்து, பணியாளரின் கடைசிப் பெயரும் நோயாளியின் கடைசிப் பெயரும் ஒன்றாக உள்ள இடங்களையும், அன்று சந்திப்பே இல்லாத நோயாளியின் கோப்பு திறக்கப்பட்ட இடங்களையும் பாருங்கள். பரிசோதனை முடிவைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்துங்கள். மீறல்களை எழுதிவைக்க ஒரு கொப்பியேனும் வைத்திருங்கள். ஏனென்றால் அறிவிக்கத் தேவையில்லாத சிறு பிழைகளையும் சேர்த்து, முந்திய ஆண்டின் எண்ணிக்கையை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1ஆம் திகதிக்குள் ஆணையாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது 2019 முதல் நடைமுறையில் உள்ள விதி. எனக்குத் தெரிந்த நிலையங்களில் பாதிக்கு மேல் இப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை எழுத்தில் ஒன்றும் வரவில்லை. மீறலை அறிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆணையாளரிடம் அவரே முறைப்பாடு செய்யலாம். அவருக்கு அந்த ஆண்டு வரும் தை மாதக் கடைசியில் முடிகிறது. வைத்தியர் நல்லவர், வீட்டாருக்கும் பழக்கமானவர் என்பதால், தாமாக முறையிட அவர் தயங்குகிறார். என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். மார்கழி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உரிமையாளர் தாமே ஆணையாளரின் இணையப் படிவத்தை நிரப்பி அனுப்பி, அந்தப் பெண்ணுக்கும் ஒரு கடிதம் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். படிவத்தை நிரப்புவதில் சந்தேகம் இருந்தால் என்னை அழைக்கலாம், முன்பு போல இரவு பத்து மணியானாலும் சரி.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்